நனைந்த சாரமும் உருக்கிய ஈயமும்: திருகோணமலை விவசாயி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி

36 வயது ஆண். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விளைவிக்கும் ஒரு கிராமம். திருமணமாகி ஐந்து ஆண்டு, குழந்தை இல்லை. ஒன்றரை ஆண்டாக உடலுறவில் நாட்டம் குறைந்துவிட்டது. விறைப்பு வருகிறது, ஆனால் நிலைப்பதில்லை. காலையில் எழும்போது தானாக வரும் விறைப்பும் மாதத்தில் ஓரிரு தடவைதான். இவற்றோடு காரணம் தெரியாத அசதி, மலச்சிக்கல், அவ்வப்போது வயிற்றைப் பிசையும் வலி. இந்த ஆய்வை எழுத அவரும் மனைவியும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவத்துக்கு வேண்டிய எதையும் மாற்றவில்லை.

இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கையில் ஒரு தடித்த கோப்பு. ஸ்கேன், ஹோர்மோன் பரிசோதனைகள், கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்த எக்ஸ்றே எல்லாம் அதில் இருந்தன, எல்லாமே மனைவியின் பெயரில். எல்லாமே சரியாகவும் இருந்தன. கோணேசருக்கு நேர்த்தி வைத்ததும், வெள்ளிக்கிழமை விரதம் பிடித்ததும், உறவுக்காரர் வீட்டுச் சடங்குகளுக்குப் போகாமல் ஒதுங்கியதும் அந்தப் பெண்தான். கணவரின் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியில்லாதது. ஐந்து ஆண்டில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆத்திரம் தருகிறது.

பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் 'சக்தி' என்று விற்ற கப்சியூலை அவர் சில மாதங்கள் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பெட்டியில் மூலப்பொருள் விவரம் எதுவும் இல்லை. சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்தில் முகம் சிவந்து தலையிடிக்கும், அன்றைக்கு விறைப்பு நன்றாக இருக்கும் என்றார். மூலிகை என்று விற்கப்படும் இப்படியான பொருள்களில் விறைப்புக்குக் கொடுக்கும் மருந்தான சில்டெனபில் மறைத்துச் சேர்க்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. இவருடைய அறிகுறிகளும் அதற்கே பொருந்துகின்றன. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மாத்திரை போடும் ஒருவர் தெரியாமல் இதை விழுங்கினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கப்சியூலை அன்றே நிறுத்தச் சொன்னேன்.

தொழிலைப் பற்றி

"என்ன வேலை?" என்று கேட்டால் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். வயல், கடல், கடை, அவ்வளவுதான். அதோடு விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆணின் உடலுறவுப் பிரச்சினையை விசாரிக்கும்போது, அவர் கை எதைத் தொடுகிறது, மூக்கு எதை இழுக்கிறது, எந்த உடுப்போடு சாப்பிட உட்காருகிறார் என்பதுவரை கேட்டாக வேண்டும். இந்த ஆய்வை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

"வயலுக்கு மருந்தடிக்கிறது யார் தம்பி?"

"நான்தான் டொக்டர். எங்கட வயலுக்கு மட்டுமில்ல, கூலிக்கும் அடிக்கிறனான்."

கூலிக்கு அடிக்கத் தொடங்கியது கடனால். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரில் அதை நீக்கினார்கள், ஆனால் அந்தப் பெரும்போகம் ஏற்கெனவே அடிவாங்கியிருந்தது. அடுத்து வந்த போகங்களில் எல்லாப் பொருளின் விலையும் ஏறியது. விளைச்சல் குறைந்து அடைவு மீட்க முடியாமல் போனபோது, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி மற்றவர்களின் வயலிலும் மருந்தடிக்கும் மெசினைத் தூக்கினார். பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும், விதைத்த நாளிலிருந்து கதிர் முற்றும்வரை யாராவது ஒருவருடைய வயலில் அவருக்கு வேலை இருந்தது.

அடுத்த முறை வரும்போது வெற்றுப் போத்தல்களை உரப்பையில் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கொண்டுவந்தார். நெல்லைத் தாக்கும் அறக்கொட்டியான் பூச்சிக்கு அடித்த பெனோபுகார்ப், மடிச்சுக்கட்டிப் புழுவுக்குக் கார்போசல்பான், மரக்கறித் தோட்டத்துக்குப் புரொபெனோபொஸ், பூஞ்சணத்துக்கு டெபுகொனசோல். முதல் இரண்டும் கார்பமேற்று வகை, மூன்றாவது ஓகனோபொஸ்பேற்று. மூன்றுமே நரம்புகளில் வேலை செய்யும் கோலினெஸ்தரேஸ் என்ற நொதியத்தைத் தடுப்பவை. ஓகனோபொஸ்பேற்றுகளோடு நீண்டகாலம் வேலை செய்த ஆண்களில் விந்தணுவின் எண்ணிக்கையும் அசைவும் குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான்காவது போத்தலில் நான் கொஞ்சம் நின்றேன். டெபுகொனசோல் 'அசோல்' குடும்பத்துப் பங்கசுநாசினி. பங்கசு தன் கலமென்சவ்வைக் கட்டப் பயன்படுத்தும் ஒரு நொதியத்தை முடக்கித்தான் இந்தக் குடும்பம் வேலை செய்கிறது. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனை உண்டாக்க நம் உடல் பயன்படுத்தும் நொதியங்களும் அதே பரம்பரையைச் சேர்ந்தவை. இதே குடும்பத்து மருந்தான கீற்றோகொனசோலைக் கூடுதல் அளவில் விழுங்கிய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் இறங்கி மார்பு வீங்குவது மருத்துவத்தில் பழைய செய்தி. ஆய்வுகூட எலிகளில் டெபுகொனசோலும் ஆண் ஹோர்மோன்களைக் குழப்பியிருக்கிறது. வயலில் தெளிக்கும் அளவில் ஒரு மனிதனுக்கு அதே விளைவு வரும் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வழி திறந்திருக்கிறது.

இலங்கை பீடைகொல்லி விஷயத்தில் ஒன்றும் செய்யாத நாடல்ல. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் இரண்டும் 1995இல் தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்பான். 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேற், பென்தியன், பரகுவாற் மூன்றும். மருந்து குடித்துச் சாகிறவர்களின் தொகை இதனால் பெருமளவு குறைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய நடவடிக்கை இது. என்றாலும் இந்தத் தடைகள் போத்தலைக் குடித்தவரைக் கண்ணில் வைத்து எடுக்கப்பட்டவை. போத்தலை முதுகில் சுமந்து ஆண்டுக்கணக்கில் நனைகிறவரைப் பற்றிய கவனம் அதே வேகத்தில் வளரவில்லை.

எங்கே நனைகிறது

முகமூடி போடுகிறாரா என்று கேட்டேன். ஒரு துணியைக் கட்டுவாராம். கையுறை இல்லை. இந்த வெயிலில் முழு உடுப்பும் போட்டு மருந்தடிக்கச் சொல்பவர் ஒரு நாள் தானே அந்த மெசினைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் மெசினைப் பற்றிக் கேட்டேன். 16 லீற்றர் தாங்கி, பழையது. மூடியின் வாசர் தேய்ந்திருக்கிறது, குழாய் பொருத்தும் இடத்திலும் கசிவு. நடக்க நடக்கத் தளும்பி முதுகில் வழியும், அங்கிருந்து இடுப்புக்கு இறங்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார், முதலில் நனைவது அந்த மடிப்புத்தான். சிறுபோகத்தில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் முன்னாலிருந்தும் வந்து படும். மத்தியானம் வாய்க்காலில் கை கழுவிவிட்டு அதே சாரத்தோடு வரம்பில் இருந்து சாப்பாடு. வீட்டுக்குப் போன பிறகுதான் குளிப்பு. அந்தச் சாரத்தைக் கையால் கசக்கித் தோய்ப்பது மனைவி.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 1971இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்ல வேண்டும். தன்னார்வலர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் பரதியன் என்ற பூச்சிநாசினியை மிகச் சிறிய அளவில் பூசி, சிறுநீரில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்தார்கள். முன்கையில் பூசியதில் நூற்றுக்கு 9 பங்குதான் உள்ளே போனது. உள்ளங்கையில் 12, நெற்றியில் 36, அக்குளில் 64. விதைப்பையில் பூசியது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது. உடலின் மிக மெல்லிய தோல்களில் ஒன்று அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் இலகு.

அப்படியென்றால் கசியும் மெசின் ஒன்றைச் சுமந்து, நனைந்த சாரத்தோடு அரை நாள் நடக்கும் மனிதருக்குக் கையுறையும் முகமூடியும் மட்டும் கொடுத்து அனுப்புவது போதாது. பாதுகாப்புப் பற்றி வகுப்பெடுப்பவர்கள் மூக்கையும் கையையும் காட்டுகிறார்கள். இடுப்புக்குக் கீழே பேசக் கூச்சம். ஆண்கள் கூடியிருக்கும் விவசாயக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அவர் சொல்லாதது

மருந்தோடு கதை முடிந்திருந்தால் வயிற்று வலிக்கும் மலச்சிக்கலுக்கும் விளக்கம் கிடைத்திருக்காது. வயலில் வேலையில்லாத மாதங்களில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் மற்றது வந்தது. மனைவியின் அண்ணன் கடற்றொழிலாளி. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்காமல் வீட்டிலேயே வார்க்கிறார்கள். பழைய வாகனப் பற்றறிகளை உடைத்து, ஈயத் தகடுகளை எடுத்து, வளவில் மூன்று கல் வைத்து, பழைய தாச்சியில் உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். மற்ற வலைக்காரர்களுக்கும் விற்பார்கள். நம்மவர் அதில் பங்காளி. இரண்டு ஆண்டாக, பெரும்பாலும் பின்னேரங்களில். வேலை முடிந்ததும் அங்கேயே தேத்தண்ணி, பீடி.

இதை அவர் மறைக்கவில்லை. அது உடம்போடு சம்பந்தப்பட்ட விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், விறகடுப்புச் சூடே போதும். பற்றறித் தகட்டில் படிந்திருக்கும் ஈய ஒட்சைட்டுத் தூள் தகட்டை உடைக்கும்போதே பறக்கிறது. கையில் ஒட்டி, பீடியோடும் தேத்தண்ணியோடும் வாய்க்குப் போகிறது. உள்ளே போன ஈயம் விதைப்பையிலுள்ள விதைகளையும் தாக்கும், அவற்றுக்குக் கட்டளையிடும் மூளையடிக் கபச்சுரப்பியையும் தாக்கும். 1975இலேயே ருமேனியாவில் பற்றறித் தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, ஈயம் கூடக்கூட விந்தணுவின் தரம் கெடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

பரிசோதனை

உயரத்துக்கு மிஞ்சிய நிறை, கொஞ்சம் தொப்பை. இரத்த அழுத்தம் சரி. மார்பு வீக்கம் இல்லை. விதைகள் சற்று மென்மையாக இருந்தன, விதைப்பை நாளங்கள் வீங்கும் நாளப்புடைப்பு இல்லை. ஈறுகளின் ஓரத்தில் ஈயத்தால் வரும் நீலக்கோட்டைத் தேடினேன், இல்லை. அது இல்லாததால் ஈயமும் இல்லை என்று ஆகாது.

டெஸ்டோஸ்டெரோனுக்கு இரத்தம் காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், இரண்டு வெவ்வேறு நாள்களில். பின்னேரம் எடுத்தால் ஆரோக்கியமானவருக்கும் குறைவாகவே காட்டும். இவருக்கு இரண்டு தடவையும் லீற்றருக்கு 8 நனோமோலுக்குக் கீழே. எல்.எச். என்ற கபச்சுரப்பி ஹோர்மோன் சாதாரண எல்லைக்குள் இருந்தது. தைரோயிட், புரோலக்டின் சரி. வெறும் வயிற்றுச் சீனி 108. நீரிழிவு இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். விந்தணு மில்லிலீற்றருக்கு 90 இலட்சம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த கீழெல்லை 1 கோடி 60 இலட்சம். அசையும் விந்தணு நூற்றுக்கு 24. இருக்க வேண்டியது குறைந்தது 42. ஹீமோகுளோபின் 11.4, செங்குருதிக் கலங்களில் ஈய நச்சைச் சந்தேகிக்க வைக்கும் நீலப் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகு ஈயத்துக்கு இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். டெசிலீற்றருக்கு 46 மைக்ரோகிராம். 5 வந்தாலே மூலத்தைத் தேடி அகற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 40ஐத் தாண்டிய தொழிலாளர்களில் விந்தணு குறைவது பல தடவை பதிவாகியிருக்கிறது. கோலினெஸ்தரேஸ் அளவு சரியாகவே இருந்தது, ஆனால் அது அண்மையில் அடித்த மருந்தைத்தான் காட்டும். அப்போது அறுவடை முடிந்து அவர் மெசினைத் தொட்டே பல வாரம்.

எல்.எச். பற்றி ஒரு விளக்கம். வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியில் மிதவை உண்டல்லவா? தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி மோட்டரைப் போடும். உடலில் டெஸ்டோஸ்டெரோன் இறங்கினால் கபச்சுரப்பி எல்.எச்.ஐக் கூட்டி விதைகளைத் தட்டியெழுப்ப வேண்டும். இவருக்கு டெஸ்டோஸ்டெரோன் இறங்கியும் எல்.எச். ஏறவில்லை, அதாவது மிதவையே வேலை செய்யவில்லை. நிறையும் சீனியும் இப்படிச் செய்யும், ஈயமும் செய்யும்.

டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடுவது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும். எங்களிடம் வருமுன் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள், காசில்லாததால் போடவில்லை. வெளியிலிருந்து தாங்கியை நிரப்பினால் மிதவை மேலே போய் மோட்டரை நிறுத்திவிடும். நாட்டம் கூடலாம், ஆனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூச்சியம்வரை. மீண்டும் எழும்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். குழந்தை வேண்டும் என்பவருக்கு இந்த ஊசி கூடாது. உடற்பயிற்சிக் கூடங்களில் கை மாறும் ஊசிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

உலகம் ஏற்கெனவே பார்த்தது

1977இல் கலிபோர்னியாவின் லாத்ரொப் என்ற ஊரில் பீடைகொல்லித் தொழிற்சாலை ஒன்றின் ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, ஒரே பிரிவில் வேலை செய்யும் யாருக்குமே பிள்ளை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். தொழிற்சங்கம் பரிசோதனைக்கு வழிசெய்தது. பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. காரணம் மண்ணிலுள்ள நுண்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற இரசாயனம். அது எலிகளின் விதைகளைச் சுருங்க வைக்கிறது என்று 1961இலேயே ஆய்வு வெளிவந்திருந்தது. பதினாறு ஆண்டு யாரும் அந்தத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கவில்லை. அமெரிக்காவில் 1979இல் பெரும்பாலான பயன்பாடு நிறுத்தப்பட்டது, ஆனால் அதற்குள் அது மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களுக்குப் போய் அங்கும் ஆயிரக்கணக்கான ஆண்களின் விந்தணுவைக் கெடுத்துவிட்டது. லாத்ரொப் ஆண்களின் டெஸ்டோஸ்டெரோன் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. உடலுறவில் குறையில்லை என்பதால் விந்தணுவும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

கிட்டத்து உதாரணம் கேரளத்தின் காசர்கோடு. முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகொப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 2003இல் வெளியான ஆய்வு, அங்கிருந்த பையன்கள் பருவமடைவது தாமதமாவதைக் காட்டியது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. நாம் பதின்மூன்று ஆண்டு முந்திக்கொண்டோம், அதுவரைக்கும் நல்லது.

துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பெயின்றில் டிரைபியூட்டில்டின் என்ற இரசாயனம் இருந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே சிலவகைக் கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைத்தது. 2008 செப்டெம்பரில் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. ஹோர்மோனைக் குழப்பும் பொருள்களின் குணமே இதுதான். உடனே கொல்லும் அளவுக்கும் ஹோர்மோனைத் திருப்பும் அளவுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம்.

பிளாஸ்ரிக்கைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இவரும் கேட்டார். சோற்றுப் பொதியைச் சுற்றும் லஞ்ச் சீற்றால்தான் எனக்கு இப்படியா என்று. லஞ்ச் சீற் 2017இல் தடைசெய்யப்பட்டது, அந்தத் தடை நல்லது. ஆனால் தலேற்று என்ற ஹோர்மோன் குழப்பிகள் அதிகம் இருப்பது வளையும் பிவிசி பிளாஸ்ரிக்கிலும் வாசனைப் பொருள்களிலும்தான், சாதாரணப் பொலித்தீனுக்கு அவை தேவைப்படுவதில்லை. கடினப் பிளாஸ்ரிக்கிலும் கடைச் சிட்டைத் தாளிலும் இருக்கும் பிஸ்பெனோல் ஏ பற்றிச் சீனத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், அதைக் கையாண்ட ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு ஏறக்குறைய நான்கு மடங்கு கூடுதலாக இருந்தது. அவர்கள் ஆலைக்குள் நாள் முழுதும் அதைச் சுவாசித்தவர்கள். கடைச் சிட்டையைத் தொட்டதால் ஆண்மை போய்விட்டது என்று சொல்ல அதில் இடமில்லை. 1973க்கும் 2011க்கும் இடையில் மேற்கு நாட்டு ஆண்களின் விந்தணுச் செறிவு பாதிக்கும் கீழே இறங்கியதாக 2017இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அதற்கு எந்தப் பொருள் எவ்வளவு பொறுப்பு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கையில் 46 என்ற ஈய எண்ணை வைத்துக்கொண்டு லஞ்ச் சீற்றோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முடிவும் சிகிச்சையும்

என் கணிப்பு இது. முதல் காரணம் ஈயம். நாட்டம் குறையத் தொடங்கிய காலம், வயிற்று வலி, இரத்தப் புள்ளிகள், ஹோர்மோன்கள் காட்டிய கோலம், எல்லாம் அதனோடு சேருகின்றன. இரண்டாவது மருந்தடிப்பு. ஒரு தனி மனிதரில் அதன் பங்கைப் பிரித்தெடுத்துக் காட்டும் பரிசோதனை கிடையாது, ஆனால் தோல் வழியாகப் போன அளவை நினைத்தால் ஒதுக்கிவிடவும் முடியாது. மூன்றாவது நிறையும் சீனியும். விறைப்புக்குப் பொறுப்பான நாடிகள் இருதய நாடிகளைவிட மெல்லியவை, அதனால் குழாய் கெடுவது அங்கே முதலில் தெரியும். கடன் கவலையும் "ஏன் முடியவில்லை" என்ற பயமும் இவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. முழுக்க மனப் பிரச்சினை என்றால் காலை விறைப்பு பெரும்பாலும் தப்பியிருக்கும்.

ஈயத்தை வெளியேற்றும் மருந்து இந்த அளவில் தேவைப்படவில்லை. உருக்குவதை நிறுத்துவதுதான் மருந்து. நிறுத்தினார். பீடியும் நின்றது, அதற்குக் கூடுதல் காலம் எடுத்தது. சீனிக்காகப் பின்னேரம் நடை, இரவில் சோற்றைக் குறைத்தல். விறைப்புக்குச் சில்டெனபிலைச் சரியான அளவில், மருந்துச் சீட்டோடு, சில மாதத்துக்கு மட்டும் கொடுத்தேன். தம்பதிக்குள் பேச்சே நின்றுபோயிருந்ததால் அதுவும் அவசியமாக இருந்தது.

மருந்தடிப்பை முழுதாக நிறுத்த அவரால் முடியவில்லை. அடுத்த போகத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்தார், விடவில்லை. அதற்காக அவரைக் குறைசொல்ல நான் தயாரில்லை. மெசினின் வாசரையும் குழாயையும் மாற்றினார். முதுகிலிருந்து முழங்கால்வரை தடித்த பொலித்தீனைக் கட்டிக்கொள்கிறார். காற்று எழும்புமுன் விடியலில் அடித்து முடிக்கிறார். வயலிலேயே சவர்க்காரம் போட்டுக் குளித்து, மாற்றுச் சாரம் உடுத்துவிட்டுத்தான் சாப்பாடு. மருந்துச் சாரத்தைத் தனி வாளியில் தானே தோய்க்கிறார்.

ஈயம் மூன்று மாதத்தில் 27ஆகவும் ஏழாம் மாதத்தில் 18ஆகவும் இறங்கியது. இரத்தத்திலுள்ள ஈயம் மாதத்துக்கு ஏறக்குறையப் பாதியாகும், ஆனால் எலும்பில் தங்கியது ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும், அதனால்தான் இந்த மந்தம். டெஸ்டோஸ்டெரோன் 13க்கு ஏறியது. விந்தணு ஒன்று உருவாக 74 நாள் வேண்டும், அதனால் மூன்று மாதத்துக்கு முன் விந்துப் பரிசோதனையை மறுபடி செய்வதில் பயனில்லை. ஏழாம் மாதம் 2 கோடி 10 இலட்சம். அசைவு 36, எல்லையை இன்னும் தொடவில்லை. காலை விறைப்பு வாரத்தில் பல நாள். மாத்திரை இல்லாமலே உறவு முடிகிறது என்று மனைவிதான் முதலில் சொன்னார், கணவர் பக்கத்தில் தலை குனிந்து சிரித்தார். நிறையும் நான்கு கிலோ குறைந்திருக்கிறது, இந்த முன்னேற்றத்தில் அதற்கும் பங்குண்டு.

வளவில் இருந்தவர்கள்

ஈயம் உருக்கிய வளவில்தான் மனைவி உடுப்புக் காயப்போடுவார், கோழிக்குத் தீனி போடுவார். அவருடைய இரத்தத்தையும் பார்த்தோம், 9. பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் கர்ப்பம் தரித்தால் ஈயம் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். ஆண் சிசுவின் உறுப்புகள் வடிவமெடுப்பது கர்ப்பத்தின் எட்டாம் வாரத்துக்கும் பதினான்காம் வாரத்துக்கும் இடையில். டெஸ்டோஸ்டெரோனைத் தடுக்கும் பொருள்கள் அந்த வாரங்களில் புகுந்தால் பிற்காலத்தில் திருத்த முடியாது என்பதை எலி ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அதற்குச் சற்று முன்னர்தான் உறுதியாகும். அதனால் அவருடைய அளவு 5க்குக் கீழே வரும்வரை பொறுக்கச் சொன்னேன். ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களிடம் இன்னும் பொறுங்கள் என்று சொல்வது இலகுவாக இருக்கவில்லை. அந்தத் தங்கச்சி சரி என்றார். கல்சியம், இரும்புச்சத்து, போலிக் அமிலம் கொடுத்திருக்கிறோம்.

அதே வளவில் அண்ணனின் நாலு வயது மகன் விளையாடுவான். மண்ணில் கை வைத்து அந்தக் கையை வாயில் வைக்கும் வயது, பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் குடல் ஈயத்தைப் பல மடங்கு உறிஞ்சும். பையனுக்கு 21. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை, மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தோம். அடுப்படி மண்ணை வெட்டி அகற்றி, வேறு மண் பரப்பி, மேலே சீமெந்து போட்டார்கள். உடைத்த பற்றறிகளும் தாச்சியும் வளவைவிட்டுப் போய்விட்டன. ஈயக்குண்டை இப்போது கடையில்தான் வாங்குகிறார்கள், செலவு கூடுதல் என்று அண்ணனுக்கு வருத்தம். அவர் இன்னும் தன் இரத்தத்தைக் கொடுக்கவில்லை. மகனின் எண்ணைப் பார்த்த பிறகு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மனைவியின் அளவு இப்போது 6. பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் நால்வருக்கும் சேர்த்து ஈயம் பார்க்கிறோம், கணவருக்கு விந்துப் பரிசோதனையும். அசைவு 42ஐத் தொடாவிட்டால் செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவுக்கு இருவரையும் சேர்த்தே அனுப்புவேன், இந்தத் தடவை கோப்பில் இரண்டு பெயரும் இருக்கும். அந்த வலைக்காரர்களின் வளவுகளில் வேறெங்கே ஈயம் உருக்குகிறார்கள் என்று பரிசோதகர் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.